குடும்பத்தோடு வரவும்

நடுக்கணக்கு, மடுல்சீமை
2024.02.11

அன்பான அக்காவுக்கு,

சக்தி எழுதுறேன். மாரியம்மா புண்ணியத்துல நானும் அம்மாவும் சொகமா இருக்கோம். பனிக்கு அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கு, மத்தபடி ஒரு கொறையும் இல்ல. குவைத்துல உன் உடம்பு எப்படி? போன தடவ இருமிக்கிட்டே பேசின. மருந்து வாங்கிக் குடுத்தாங்களா இல்லையா?

வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போன்ல பேசுறவ எதுக்கு கடுதாசி எழுதுறான்னு பாப்ப. போன்ல நான் எங்கக்கா பேசுறது? நீ கூப்பிட்டதும் அம்மா ஸ்பீக்கர் போடச் சொல்லுது. பக்கத்து காம்பரா ராசம்மா அக்கா வந்து குந்திக்குது. உன் பக்கம் போனைக் குடுத்துட்டு உங்க மேடம் நிக்கிறா. ஒரு நல்லது கெட்டது பேச முடியுதா? அதான் நீ வேலை செய்ற வீட்டு டிரைவர் லத்தீப் நானாவோட தபால் பெட்டி நம்பருக்குப் போடுறேன். நீ பதிலை நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போடு. தோட்டத்து ஆபீசுக்கு வந்தா நேரா அம்மா கைக்குப் போயிரும்.

நான் படிச்ச கெம்பஸோட பழைய மாணவர் சங்கம் பதுளையில இருக்குன்னு சொல்லியிருக்கேன்ல, அதோட ஊவா கிளைக்கு என்னைய செயலாளரா போட்டுட்டாங்க. பதுளை, ஹாலிஎல, மொனராகலைன்னு இந்தப் பக்கம் வேலை செய்ற டொக்டருங்க, இஞ்சினியருங்க, டீச்சருங்க எல்லாம் சேந்த சங்கம். ஏ.எல். பரீட்சை எழுதுற புள்ளைங்களுக்கு ஞாயித்துக்கெழமையில செமினார் வெக்கிறோம். வருஷத்துக்கு ஒருக்கா வினாடி வினா, குடும்ப ஒன்றுகூடல். தேயிலைத் தோட்டத்து லய வீட்டுல இருந்து வந்த பொம்பளப் புள்ள செயலாளரா வர்றது இதுதான் மொதத் தடவையாம். மேடையில அதைச் சொன்னதும் எல்லாரும் கைதட்டினாங்க. எனக்குத்தான் எங்க பாக்குறதுன்னு தெரியல.

இப்ப விஷயத்துக்கு வாரேன். சங்கத்துல கிஷாந்தன்னு ஒருத்தர் இருக்காரு. நீர்ப்பாசன ஆபீசுல இஞ்சினியர். யாழ்ப்பாணத்து ஆளுங்க, ஆனா பதுளையிலேயே வீடு வாசல். அப்பா பசறைப் பக்கம் ஏதோ தோட்டத்துல கிளாக்கரா இருந்து ரிட்டயர் ஆனவராம். செமினாருக்கு பஸ் ஒழுங்கு பண்றது இவருதான். "மடுல்சீமைக்கு பஸ் விட்டா கட்டாது"ன்னு கமிட்டியில சொன்னப்போ, "பிள்ளைகள் இறங்கி வர ஏலாட்டி நாங்கள்தான் மேல போகோணும்"னு எந்திரிச்சு நின்னு சண்டை போட்டாரு. தை மாச செமினார் முடிஞ்சு ஹோலைப் பூட்டும்போது என்னைய கேட்டாரு. யோசிச்சு சொல்றேன்னேன். யோசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லக்கா, எனக்குப் புடிச்சிருக்கு.

அம்மாகிட்ட இன்னும் மூச்சு விடல. என்னைய படிக்க வெச்சவ நீ. நீ சரின்னா சரி, வேணாம்னா வேணாம்.

உடம்பைப் பாத்துக்க. பதிலுக்காகப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

உன் தங்கச்சி
சக்தி


குவைத்
2024.03.08

என் தங்கமே சக்தி,

இருமல் நின்னுருச்சு. நல்லாத்தான் இருக்கேன். நீயும் அம்மாவும் நல்லா இருக்கணும்.

அடி கள்ளி! செமினார் வெக்கிறேன் செமினார் வெக்கிறேன்னு இதைத்தான் வெச்சுக்கிட்டு இருந்தியா? கடுதாசியைப் படிச்சுட்டு குசினியில நின்னு தன்னால சிரிக்கிறேன், மேடம் வந்து என்னைய மேலும் கீழும் பாக்குறா. லத்தீப் நானாகிட்ட மட்டும் சொன்னேன். மாப்ள இஞ்சினியர்னதும் "மாஷா அல்லா, அப்ப நம்மட வீட்டுக் குழாயையும் வந்து பாக்கச் சொல்லுங்க"ன்னு ஒரே கிண்டல்.

எனக்கு சந்தோசம் பாப்பா. எனக்குத்தான் ஒண்ணும் அமையல, போகட்டும். யாழ்ப்பாணத்து ஆளு, மலநாட்டு ஆளுன்னு நான் பாக்கல. பையன் நல்லவனா இருந்தா போதும்.

ஆனா ஒண்ணே ஒண்ணு. இதுல நான் இம்மி விட மாட்டேன். அவுங்க ஆத்தா அப்பன் தட்டு எடுத்துக்கிட்டு நம்ம ஒத்த ரூம் காம்பராவுக்கு வரணும். நம்ம வீட்டுல ஒக்காந்து, நம்ம அம்மாவையும் நாற்காலியில ஒக்கார வெச்சு, "உங்க பொண்ணைக் குடுங்க"ன்னு வாயத் தொறந்து கேக்கணும். கோயில்ல பாத்தோம், டவுனுல பாத்தோம், ஹோட்டல்ல பேசி முடிச்சோம், அந்தக் கதையெல்லாம் வேணாம். பொண்ணு கேட்டு வர்றவுங்க பொண்ணு வீட்டுப் படி ஏறணும். அந்த மலையில குனிஞ்சு குனிஞ்சு அம்மா முதுகு வளைஞ்சு போச்சு. ஒரு நாளைக்காவது ஒரு பெரிய மனுசன் முன்னால அது சம்பந்தியா நிமுந்து ஒக்காரணும்டி. எனக்கு வேற ஆசையே இல்ல.

மேடம் கூப்பிடுறா. அம்மாவைக் குளுந்த தண்ணியில குளிக்க விடாத.

உன் அக்கா
லெட்சுமி


மடுல்சீமை
2024.04.16

அன்பு அக்கா,

வருசப் பெறப்புக்கு உன் குரலைக் கேட்டதே பெரிய சந்தோசம். இங்க சொகத்துக்குக் கொறையில்ல. அம்மா உனக்காகக் கோயில்ல தேங்கா ஒடச்சுச்சு.

நீ சொன்னதை நான் கிஷாந்தன்கிட்ட சொன்னேன். அவரும் சரின்னுட்டாரு. ஆனா மொதல்ல ரெண்டு அம்மாவும் சும்மா பாத்துப் பழகட்டும், அப்புறம் மொறைப்படி வீட்டுக்கு வாறோம்னு சொல்றாரு. வர்ற 28ஆந் தேதி சங்கத்துக் குடும்ப ஒன்றுகூடல். அழைப்பிதழ்லயே "அனைவரும் குடும்பத்தோடு வரவும்"னு போட்டிருக்கு. எழுதினவளே நான்தான். எல்லாரும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வருவாங்க. அந்தக் கூட்டத்தோட கூட்டமா நம்ம அம்மாவும் வரட்டும், பேசிப் பழகட்டும்னு அவரு நெனைக்கிறாரு. இது பொண்ணு பாக்குறது இல்ல, நீ பயப்படாத. வீட்டுக்கு வர்றது வர்றதுதான்.

அம்மாகிட்ட மெதுவா சொல்லிட்டேன். அடுப்புக்கு விறகைத் தள்ளி விட்டுச்சு. அப்புறம் "நான் எதுக்கும்மா அங்க, எனக்கு என்ன பேசத் தெரியும்"னுச்சு. நான் கோவிச்சுக்கிட்டதும் வாரேன்னு ஒத்துக்கிச்சு. இப்ப என்னடான்னா தெனமும் நீ அனுப்பின அரக்கு கலர் சீலையை எடுத்துப் பாத்துட்டு மடிச்சு வெக்குது. பதுளையில தனக்குன்னு ஒரு செருப்பும் வாங்கணும்னு அதுவே சொல்லுது.

கிஷாந்தன் வீட்டுல மடுல்சீமைன்னு சொல்லியிருக்காராம். லயம்னு இன்னும் சொல்லலயாம். நேர்ல பாத்தா அவுங்களுக்கே புரியும்னு சொன்னாரு. அது மட்டும் எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு.

போயிட்டு வந்து எல்லாம் எழுதுறேன்.

சக்தி


மடுல்சீமை
2024.05.05

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

ஒன்றுகூடல் நல்லபடியா முடிஞ்சுது. எதிர்பாத்ததை விட சனம் கூட. மங்கள விளக்கு ஏத்தினோம், தலைவர் பேசினாரு, செமினார்ல படிச்சு கெம்பஸ் கெடச்ச புள்ளைங்களுக்கு நினைவுச் சின்னம் குடுத்தோம். சங்கீதக் கதிரைப் போட்டியில டொக்டர் ஒருத்தர் நாற்காலியோட சேந்து விழுந்துட்டாரு, ஒரே சிரிப்பு. வினாடி வினாவை நான்தான் மைக்குல நடத்தினேன். ஹாலிஎல ஆளுங்க ஜெயிச்சாங்க. மைக் அப்பப்ப கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. சாப்பாடு சைவம்தான், கத்தரிக்காப் பால்கறி நல்லாயிருந்துச்சு.

உனக்கு ஒரு அதிசயம் சொல்லணும். கிஷாந்தனோட அப்பா அம்பலவாணர் வேலை செஞ்ச தோட்டம் வேற எதுவும் இல்ல, நம்ம தோட்டம்தான். நம்ம அம்மா கல்யாணத்துக்கு முந்தி வேலை செஞ்ச கிளாக்கர் ஐயா வீடு அவுங்க வீடுதான். அம்மா தூக்கி வளத்த "கண்ணன் தம்பி"தான் கிஷாந்தன். அவரு சின்னப் புள்ளையா இருக்கும்போதே மாத்தலாகிப் போனதால அவருக்கு எதுவும் ஞாபகம் இல்ல. அவரோட அம்மா இராசமணி நம்ம அம்மாவைப் பாத்ததும், "இஞ்ச பாருங்கோ, இது எங்கட பெரியாயி எல்லே!"ன்னு பேரைச் சொல்லி சத்தமா கூப்பிட்டாங்க. அடையாளம் கண்டுக்கிட்டாங்களேன்னு அம்மாவுக்கும் சந்தோசம்தான்.

அம்மா அன்னிக்கு முழுக்க நல்ல சுறுசுறுப்பா இருந்துச்சு. பஸ்ஸுல வரும்போது தூங்கிருச்சு.

இப்ப பரீட்சைத் தாள் திருத்துற வேலை நெறைய. அடுத்த கடுதாசி கொஞ்சம் பிந்தும்.

சக்தி


குவைத்
2024.05.31

சக்திக்கு,

நான் இருக்கேன். நீ எப்படி இருக்கன்னு கேக்க இப்ப எனக்கு வாய் வரல.

கத்தரிக்காப் பால்கறி நல்லாயிருந்துச்சா? மைக் கீச்சுன்னு கத்துச்சா? ஏன்டி, உன் கடுதாசி கூட்டத்துக்கு அறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கே, அப்பவே எனக்கு சந்தேகம். போன வெள்ளிக்கெழமை நீ வீட்டுல இல்லாத நேரம் அம்மாகிட்ட கேட்டேன். ஒன்றுகூடல் எப்படிம்மான்னு. அது சிரிச்சுக்கிட்டே சொல்லுது. ராசம்மா அக்காவும் கூட இருந்து கேட்டுக்கிட்டு இருக்கு.

டீ குடுத்தாங்களாம். கிளாக்கரம்மா அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியாம். பழைய கதையெல்லாம் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்களாம். டீயைக் குடிச்சு முடிச்சதும் அந்தம்மா பேச்சை நிறுத்தாம, திரும்பிக்கூடப் பாக்காம, வெறுங்கோப்பையை நம்ம அம்மா பக்கம் நீட்டியிருக்கு. நம்ம அம்மாவும் யோசிக்காம எந்திரிச்சு வாங்கியிருக்கு. வாங்கினது வாங்கினதுதானேன்னு அந்த வரிசையில இருந்த கோப்பையெல்லாம் அள்ளிக்கிட்டுப் போயி, பின்னுக்குச் சமையல்காரப் பொம்பளைங்களோட சேந்து கழுவி வெச்சிருக்கு. "பழக்கம் விடல பாத்தியா, என் கையி தன்னால போயிருச்சு"ன்னு சொல்லிச் சிரிக்குது. அதுக்கப்புறம் பஸ் ஏறுற வரைக்கும் அது பின்னாலதான் நின்னிருக்கு. அரக்கு கலர் சீலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு.

நான் இங்க விடிஞ்சு எந்திரிச்சா கோப்பைதான் கழுவுறேன். அது என் தொழிலு, சம்பளம் வாங்குறேன், எனக்கு அதுல வெக்கம் இல்ல. ஆனா எங்கம்மா அங்க கூலிக்குப் போகலடி. அழைப்பிதழ் வெச்சு, குடும்பத்தோட வாங்கன்னு கூப்பிட்டுப் போனது.

அந்தக் கிளாக்கரம்மாவைக்கூட விடு. அதுக்கு நாப்பது வருசப் பழக்கம். நீ அப்ப மைக்குல நின்னியாம். அங்கேயிருந்து பாத்தா முன்வரிசை தெரியாதா? நீ பாத்தியா, பாக்கலையா? எனக்கு வேற ஒண்ணும் எழுத வேணாம். அதை மட்டும் எழுது.

லெட்சுமி


குவைத்
2024.07.12

சக்தி,

என் கடுதாசி கெடச்சுருச்சுன்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கெழமையில நான் கூப்பிடும்போதெல்லாம் நீ பீலிக்குக் குளிக்கப் போயிட்டன்னு அம்மா சொல்லுது. ராத்திரியிலயாடி பீலிக்குப் போற?

கோவத்துல எழுதிட்டேன். என் கோவம் உனக்குத் தெரியாததா? பதில் போடு. ஒண்ணும் இல்லாட்டியும் வெறும் பேப்பர்ல உன் பேரையாவது எழுதிப் போடு.

லெட்சுமி


மடுல்சீமை
2024.08.11

அன்பு அக்கா,

அம்மா சொகம். நான் உசுரோட இருக்கேன். நீ நல்லா இருக்கணும்.

பாத்தேன்.

அந்தக் கோப்பை நீட்டினதுல இருந்து, அம்மா சீலையைச் சொருகிக்கிட்டு பின்னால போனது வரைக்கும் எல்லாத்தையும் பாத்தேன். கையில கேள்வித்தாள் இருந்துச்சு. "அடுத்த கேள்வி மொனராகலை அணிக்கு"ன்னு மைக்குல சொன்னேன். எறங்கிப் போயி அம்மா கையைப் புடிச்சு ஒக்கார வெச்சிருக்கலாம். போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, இதுதான் செயலாளரோட அம்மான்னு எல்லாருக்கும் தெரிஞ்சுரும்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன். அந்த நிமிஷம் போயிருச்சு. அப்புறம் எந்த நிமிஷத்துல எறங்குறதுன்னு தெரியல. நான் பாத்ததை அம்மாவும் பாத்துச்சு. பஸ்ஸுல "மைக்குல நல்லா பேசினம்மா"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கண்ண மூடிக்கிச்சு. தூங்கலக்கா, சும்மா கண்ண மூடிக்கிட்டு இருந்துச்சு. இதை உனக்கு எழுத முடியாமத்தான் பீலிக்குப் போனேன்.

கிஷாந்தனோட பெரிய சண்டை போட்டேன். அவரு சொல்றாரு: "அம்மா பழக்கதோஷத்தில செய்திட்டா. கெட்ட எண்ணம் ஒண்டுமில்லை. நீர் இதைப் பெரிசாக்காதையும்." கெட்ட எண்ணம் இல்லன்னு எனக்கும் தெரியும். அதுதான் எனக்குப் பயமே. கெட்ட எண்ணம்னா சண்டை போடலாம், இதை என்ன செய்றது? கல்யாணம் முடிஞ்சு அம்மா என்னையப் பாக்க அந்த வீட்டுக்கு வந்தா எந்தக் கதவால வரும்? எங்க ஒக்காரும்? அதைத்தான் அவர்கிட்ட கேட்டேன்.

சங்கத்துப் பக்கமே போகாம இருந்தேன். போன கெழமை அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாரு. அப்பா அம்மாகிட்ட பேசிட்டேன், மொறையா வந்து கேக்க ஒத்துக்கிட்டாங்கன்னாரு. "ரோட்டு மோசம், அப்பாவுக்கு முதுகு ஏலாது, சங்கத்து ஹோலில வைப்பமோ?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாத்தாரு. முடியாதுன்னேன். உங்கம்மா எங்க காம்பராவுக்கு வந்து, எங்கம்மாவைச் சம்பந்தின்னு கூப்பிட்டு, பக்கத்துல ஒக்கார வெக்கணும், இல்லாட்டி இதோட விட்டுருவோம்னு சொன்னேன். கடைசியில சரின்னாரு. தீவாளி முடிஞ்ச ஞாயித்துக்கெழமை, நவம்பர் மூணு. வாக்குக் குடுத்திருக்காரு.

என்னைய திட்டணும்னா திட்டு. ஆனா எழுது.

சக்தி


குவைத்
2024.09.13

என் கண்ணு சக்தி,

நான் நல்லா இருக்கேன். நீ அழுதுக்கிட்டே எழுதியிருக்க, எழுத்தெல்லாம் ஊறிப்போயி கெடக்கு. போதும், மூக்கைச் சிந்து. உன்னைய நான் திட்ட மாட்டேன். அந்த எடத்துல நான் நின்னிருந்தா கோப்பையைப் புடுங்கி எறிஞ்சிருப்பேன், உன் கல்யாணமும் அங்கேயே முறிஞ்சிருக்கும். நாம ரெண்டு பேரும் ரெண்டு விதம்.

வாராங்கன்னியே, அது போதும் எனக்கு. இங்க வேலை செய்ற பசறை தனுஜா இந்த மாசக் கடைசியில ஊருக்குப் போறா. அவகிட்ட நல்ல பூப்போட்ட விரிப்பு ஒண்ணு, பேரீச்சம்பழம், அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை எல்லாம் குடுத்து விடுறேன். செவத்துக்குச் சுண்ணாம்பு அடிங்க. முன்வாசல் இஸ்தோப்புல தொங்குற கொழுந்துக் கூடையெல்லாம் எடுத்து உள்ள வெச்சுராதீங்க, இருக்கட்டும். நம்ம தொழில ஒளிக்க வேணாம். கோயில்ல இருந்து நாற்காலி கேட்டு எடு.

முக்கியமான விஷயம். அம்மாவை இப்பவே நாற்காலியில ஒக்கார வெச்சுப் பழக்கு. சிரிக்காத, நெசமாத்தான் சொல்றேன். சப்பாத்துச் சத்தம் கேட்டாலே அது எந்திரிச்சு நிக்கும். தொரை வந்தா எந்திரி, கிளாக்கர் வந்தா எந்திரின்னே அதோட காலு வளந்துருச்சு. அன்னிக்கு எந்திரிக்கக் கூடாது. டீ குடுக்குறது கோப்பை எடுக்குறது எல்லாம் ராசம்மா அக்கா பாத்துக்கட்டும்.

அன்னிக்கு லீவு கேட்டா குடுக்க மாட்டா. லத்தீப் நானா போனை வாங்கி வெச்சுக்கிட்டு மாடியில துணி காயப்போடுற எடத்துல நிப்பேன். அவுங்க வந்து ஒக்காந்ததும் ஒரு போட்டோ அனுப்பு. அம்மா நாற்காலியில இருக்கணும்.

லெட்சுமி


மடுல்சீமை
2024.10.20

அன்பு அக்கா,

எல்லாரும் நல்ல சொகம். தனுஜா நேர்லயே கொண்டாந்து குடுத்தா. அம்மா கம்பளிச் சட்டையைக் கழட்ட மாட்டேங்குது.

சுண்ணாம்பு அடிச்சாச்சு. லயமே நம்ம வீட்டுக் காரியத்துல தான் நிக்குது. ஒருத்தர் வாசல் படியைக் கொத்திச் சரி பண்ணுறாங்க, ஒருத்தர் பூச்சட்டி கொண்டாந்து வெக்கிறாங்க. ராசம்மா அக்கா முறுக்குக்கு மாவு இடிச்சு வெச்சிருக்கு.

நீ சொன்ன மாதிரி அம்மாவைப் பழக்குறோம். மொத நாளு நாற்காலி நுனியில ஒக்காந்துச்சு, இப்பவோ அப்பவோ விழுற மாதிரி. நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா? ராசம்மா அக்கா என்னோட கைப்பையைத் தோளுல மாட்டிக்கிட்டு, துவாயைப் போத்திக்கிட்டு, "என்ன பெரியாயி, சுகமா இருக்கிறியே?"ன்னு கிளாக்கரம்மா மாதிரியே நடந்து வருது. அம்மா விறுக்குன்னு எந்திரிச்சுருச்சு! எல்லாரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சோம். திரும்ப வரச் சொன்னோம். ரெண்டாவது தடவ எந்திரிக்கப் போயி நாற்காலியை இறுக்கிப் புடிச்சுக்கிச்சு. அப்புறம் ஒரு தடவ, கால் மேல கை வெச்சுக்கிட்டு, "வாங்க சம்பந்தி, ஒக்காருங்க"ன்னுச்சு பாரு, யாரும் சிரிக்கல. ராசம்மா அக்காவுக்கே கண்ணு கலங்கிருச்சு. உனக்காக வீடியோ எடுத்திருக்கணும், தோணல.

ஒரு சின்னக் கொழப்பம். அதே ஞாயித்துக்கெழமை பதுளையில கடைசி செமினார். பரீட்சை கிட்ட வந்துருச்சு, தள்ளிப் போட முடியாது. என்னைய வர வேணாம்னு விட்டுட்டாங்க. விடியக்காலம் பஸ் நம்ம தோட்டத்துக்கு வந்து புள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போகும், சாயங்காலம் கொண்டாந்து விடும். கிஷாந்தன் அதை ஒழுங்கு பண்ணி விட்டுட்டு, பத்து மணிக்கெல்லாம் அப்பா அம்மாவோட கார்ல இங்க வந்துருவாரு.

எனக்கு இப்பதான் மனசு லேசா இருக்குக்கா.

சக்தி


மடுல்சீமை
2024.11.10

அன்பான அக்காவுக்கு,

அன்னிக்கு மாடியில வெயில்ல நின்னு போனையே பாத்துக்கிட்டு இருந்திருப்ப. போட்டோ அனுப்பல, மன்னிச்சுக்க. போன்ல சொல்ற விஷயமா இருந்தா சொல்லியிருப்பேன்.

மொத நாளு ராத்திரி நல்ல மழை. விடியக்காலம் வெறிச்சிருச்சு. அஞ்சரை போல பஸ் வந்துச்சு, நம்ம லயத்துப் புள்ளைங்க பைலைத் தூக்கிக்கிட்டு ஏறிப் போனாங்க. அம்மா குளிச்சு அரக்கு கலர் சீலையைக் கட்டிக்கிட்டு எட்டு மணிக்கே நாற்காலியில ஒக்காந்துருச்சு. இஸ்தோப்புல கோயில் நாற்காலி வரிசையா, உன் விரிப்பு போட்டு.

பத்து மணிக்கு கிஷாந்தன் எனக்குப் போன் எடுத்தாரு. ராத்திரி மழைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சு பாதை மூடிக் கெடக்காம், அப்பா கார் எடுக்க மாட்டேங்குறாராம். நான் கேட்டேன், "நீங்க அனுப்பின பஸ் காலையில இந்த ரோட்டாலதானே வந்துட்டு போச்சு? புள்ளைங்க இப்ப அங்க செமினார்ல தானே இருக்காங்க?" அவரு அந்த பஸ்ஸை மறந்தே போயிட்டாருக்கா. எவ்வளவு சண்டை போட்டு விட்ட பஸ்ஸு அது. அப்புறம் மெதுவா, "அம்மா நேற்று முழுக்க அழுதவா. பெரியாயின்ர காம்பராவில போய் நான் என்னெண்டு இருக்கிறதெண்டு கேக்கிறா. எனக்கு வேற என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை. அடுத்த ஞாயிறு ஹோலில வைப்பம், அங்க எண்டா வருவா"ன்னாரு.

வேணாங்க, இதோட விட்டுருவோம்னு சொல்லி போனை வெச்சுட்டேன்.

அம்மாகிட்ட போயி, "ரோட்டுல மண்ணு விழுந்து பாதை மூடிக் கெடக்காம்மா, அதான் வர முடியல"ன்னேன். அது என் மொகத்தைக் கொஞ்ச நேரம் பாத்துச்சு. காலையில பஸ் போன சத்தத்தை எனக்கு முந்தி கேட்டதே அதுதான். "அப்படியா, மழைன்னா அப்படித்தான்"னு சொல்லிட்டு எந்திரிச்சுச்சு. முறுக்குத் தட்டை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு காம்பராவாப் போயி குடுத்துச்சு. குடுக்கும்போதெல்லாம் அதையே சொல்லுச்சு, ரோடு மூடியிருக்காம், பாவம், பாதி தூரம் வந்து திரும்பிட்டாங்களாம்னு. பாதி தூரம் வந்தாங்கன்னு நான் சொல்லவே இல்லக்கா. அது அதுவாச் சேத்துக்கிச்சு.

சாயங்காலம் வாசல்ல எல்லாரும் நிக்கிறோம், கீழ் வளைவுல ஹோர்ன் சத்தம். செமினார் பஸ் வந்து நின்னுச்சு. புள்ளைங்க சிரிச்சுக்கிட்டே எறங்குறாங்க. யாரும் யாரையும் பாக்கல. ராசம்மா அக்காவுக்குத்தான் வாய் நிக்காதே, "ரோடு மூடியிருக்குன்னியே பெரியாயி, அப்ப இம்மாம் பெரிய பஸ்ஸு எப்படி வந்துச்சு?"ன்னு கேட்டுருச்சு.

அம்மா சொல்லுச்சு, "பஸ்ஸு போற அளவுக்கு வழி விட்டிருக்காங்களாம். காரு வரத்தான் வழியில்லையாம்."

ராசம்மா அக்கா என்னையப் பாத்துச்சு, அம்மாவைப் பாத்துச்சு. "ஆமா ஆமா, காரு வராதுதான், சின்ன டயரு"ன்னுச்சு. பக்கத்துல நின்ன எல்லாரும் ஆமா, காரு வராதுன்னாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா நாற்காலியைத் தூக்கிக்கிட்டு கோயிலுக்குப் போயிட்டாங்க.

செயலாளர் வேலையை எழுதிக் குடுத்துட்டேன். அடுத்த வருசமும் செமினாருக்குப் பாடம் எடுக்க மட்டும் போவேன், அது புள்ளைங்களுக்கு. கிஷாந்தனைப் பத்தி நீ கேக்காத, நானும் எழுத மாட்டேன். ராத்திரியில அழுகை வருது. அம்மாவுக்குக் கேக்காம அழுகுறதுக்கு ஒரு காம்பராவுல எடம் எங்கக்கா இருக்கு?

அம்மா சொகமா இருக்கு. மறுநாளே கூடையை மாட்டிக்கிட்டு வேலைப் பெரட்டுக்குப் போயிருச்சு. வர்ற வெள்ளிக்கெழமை நீ கூப்பிட்டா ரோடு மூடியிருந்துச்சுன்னுதான் உன்கிட்டயும் சொல்லும். நீயும் ஒண்ணும் தெரியாதவ மாதிரி, அப்படியாம்மா, எப்ப தொறப்பாங்களாம்னு மட்டும் கேளு.

உன் தங்கச்சி
சக்தி